பண்டிகையன்று சிரித்தார் என்பதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்

பண்டிகையில் நன்றாக இருந்தார் என்று மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டு, மனநல மருத்துவரான என்னிடம் மோசமான நிலையில் திரும்பி வருவது இந்த மாதத்தில் இது நான்காவது. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு ஒரு மகளிடமிருந்து போன். "அம்மா இப்ப நல்லாத்தான் இருக்காங்க டாக்டர். பேரப்பிள்ளைங்க எல்லாரும் வந்திருக்காங்க, சிரிச்சுப் பேசுறாங்க. இந்த வார அப்பாயின்ட்மென்ட் வேண்டாமே." ஓபியில் கூட்டம், நானும் "சரிம்மா" என்று வைத்துவிட்டேன். மாத்திரையைத் தொடர்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பண்டிகை முடிந்த ஒன்பதாம் நாள் அதே அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, கிட்டத்தட்ட மூன்று வாரமாக மாத்திரையும் இல்லை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்களே டாக்டர்!" என்று மகள் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

மனச்சோர்வு உள்ளவர் சிரிக்கவே மாட்டார் என்று யார் சொன்னது? சிரிப்பார். வீடு நிறைய ஆட்கள், குழந்தைகளின் சத்தம், பல நாள் காணாத முகங்கள் என்று வரும்போது பலருக்கு மனம் உண்மையிலேயே கொஞ்சம் மேலே வரும். நோய் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, தற்காலிகமாக ஒரு முட்டுக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் சிலர் வந்தவர்களின் மனம் நோகக் கூடாது என்று சிரிக்கிறார்கள். நாள் முழுக்க அப்படி இருந்துவிட்டு இரவில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததைப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அவர்களுக்கு வேலை, களைத்துப்போகும் வேலை. வெளியிலிருந்து பார்த்து எது எந்தச் சிரிப்பு என்று எனக்கே சட்டென்று பிடிபடாது. வீடியோ காலில் இரண்டு நிமிடம் பார்த்த மருமகனுக்கு எப்படிப் பிடிபடும்?

இதற்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பண்டிகை என்றால் ஊரே சந்தோஷமாக இருக்கும், அந்தச் சந்தோஷம் வீட்டில் உள்ள எல்லோருக்கும் வந்து சேர்ந்துவிடும் என்று. முதல் பாதி ஓரளவு சரி. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டாட்ஸ், கிறிஸ் டான்ஃபோர்த் இருவரும் 2008 முதல் ஆங்கில ட்வீட்களைத் திரட்டி, ஒவ்வொரு சொல்லுக்கும் மக்கள் தந்த மகிழ்ச்சி மதிப்பெண்ணை வைத்து நாள்தோறும் ஒரு சராசரி போட்டார்கள். அந்த வரைபடத்தில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் நாள் தனியாக எழும்பி நிற்கும். ஆனால் அன்று எல்லோரும் எழுதுவது 'மகிழ்ச்சி', 'வாழ்த்துகள்' வகையறாச் சொற்கள்தானே? வாழ்த்து அனுப்பியவரின் மனம் அந்த நேரத்தில் எப்படி இருந்தது என்பது அந்தக் கணக்கில் வராது.

சரி, ஊரின் மனம் உண்மையிலேயே உயர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். இது ஆய்வு இல்லை, விளக்கத்துக்காக நானே போட்டது. நூறு பேர். மனநிலைக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். பண்டிகை வருகிறது. 70 பேர் ஆறிலிருந்து ஏழுக்குப் போகிறார்கள். 15 பேரிடம் மாற்றமே இல்லை. மீதி 15 பேர் நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்குகிறார்கள். கூட்டினால் 70 ஏற்றம், 30 இறக்கம். சராசரி 0.4 உயர்ந்துவிட்டது, ஊர் சந்தோஷமாகிவிட்டது! அந்தப் பதினைந்து பேர் அந்த 0.4க்குள் காணாமல் போய்விட்டார்கள். அவர்கள்தான் அடுத்த வாரம் என் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். "எல்லாரும் சந்தோஷமா இருக்கும்போது எனக்கு மட்டும் என்ன கோளாறு?" என்று கேட்கிறார்கள். ஏற்கெனவே இருந்த பாரத்தின் மேல் சராசரியோடு ஒப்பிட்ட பாரமும் ஏறிவிடுகிறது.

யார் இந்தப் பதினைந்து பேர்? துணையை இழந்தபின் முதல் பண்டிகையைக் காண்பவர், விவாகரத்தால் இந்த முறை குழந்தை அருகில் இல்லாதவர், வேலை போனதை வீட்டில் சொல்லாதவர், ஊருக்கே விடுமுறையாக இருக்க இரவுப்பணிக்குப் போகும் செவிலியர். அப்புறம், எல்லோரும் கவனிக்கத் தவறும் ஒருவர் உண்டு. பத்துப் பேர் வந்து தங்கும் வீட்டில் கடைசியாகப் படுத்து முதலில் எழுபவர். அவருக்கு அது விடுமுறையே இல்லை.

நாட்களின் போக்கையும் பார்க்க வேண்டும். நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சுற்றுலா போகிறவர்கள் போவதற்கு முன்பே போகாதவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்தபின், மிகவும் நிம்மதியாகப் பொழுது போனதாகச் சொன்னவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருப்பதில்தான் பாதி சுகம் இருக்கிறது. பலருக்கு அதன்பின் வரும் இறக்கம் இரண்டு மூன்று நாள் சோம்பலோடு போய்விடும். மனச்சோர்வு உள்ளவருக்கு அப்படிப் போகாது.

தற்கொலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிசம்பர் வந்தால், "பண்டிகைக் காலத்தில் தற்கொலை கூடுகிறதாமே?" என்று தவறாமல் யாராவது கேட்பார்கள். பல நாடுகளின் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் டிசம்பர் பொதுவாகக் குறைந்த எண்ணிக்கை உள்ள மாதங்களில் ஒன்று. குளிர்காலத்தைவிட வசந்தமும் கோடையின் தொடக்கமும்தான் உச்சம் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897லேயே ஐரோப்பியப் புள்ளிவிவரங்களைக் காட்டி எழுதிவிட்டார். ஆனால் உடனே நிம்மதியாகிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பல்மைய ஆய்விலிருந்து 1999இல் வந்த கட்டுரை ஒன்று, பெருவிடுமுறைகளுக்கு முன் தற்கொலை முயற்சிகள் குறைவதையும் முடிந்தபின் கூடுவதையும் காட்டியது. ஆட்கள் சுற்றியிருக்கும்வரை தள்ளிப்போனது, பைகளைக் கட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பியதும் திரும்பி வருகிறது. நாம் கவலைப்படுவது முதல் வாரத்தில், ஆபத்து நிற்பது இரண்டாம் வாரத்தில். அந்த முதல் வாரத்தில் எங்கள் பதிவேடும் காலியாகத்தான் இருக்கும். (நாங்களும் அப்போதுதான் விடுப்பில் போவோம். அது எங்கள் தவறு, வேறு யாரையும் சொல்வதற்கில்லை.)

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, அதை யாரும் நோயாகவே நினைப்பதில்லை. பைபோலார் (மனம் சில காலம் சோர்விலும் சில காலம் அளவுமீறிய உற்சாகத்திலும் போய் நிற்கும் நோய்) உள்ள பையன் மூன்று இரவு தூங்கவில்லை. விடாமல் பேசுகிறான், எல்லோருக்கும் பரிசு வாங்குகிறான், கார்டைத் தேய்த்துத் தள்ளுகிறான். "பண்டிகை உற்சாகம்" என்று வீடே ரசிக்கிறது. அய்யா, தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியவில்லை என்றால் அது உற்சாகம் இல்லை, எச்சரிக்கை! கண்விழிப்பு ஒன்றே பித்துநிலையை, அதாவது அந்த அளவுமீறிய உற்சாகத்தை, கிளப்பிவிடப் போதும்.

ஜனவரியில் வரும் 'ஆண்டின் மிகச் சோகமான திங்கட்கிழமை' பற்றி ஒரே வரி: 2005இல் ஒரு பயண நிறுவனத்தின் விளம்பரத்துக்காகப் பிறந்த சமாச்சாரம் அது. அதை எனக்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.

இனி செய்ய வேண்டியவை. மாத்திரை தீரும் தேதியைப் பண்டிகைக்கு முன்பே பாருங்கள். மருந்துக்கடை மூடியிருந்தது என்ற காரணத்தை இனி நான் ஏற்கப்போவதில்லை. மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்ந்ததுபோன்ற உணர்வு எல்லாம் வரலாம், நோயும் திரும்பலாம். குறைப்பதா நிறுத்துவதா என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். பைபோலாருக்குத் தரப்படும் லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் பயணத்தில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கொண்டாட்டம் நள்ளிரவைத் தாண்டினாலும் பைபோலார் உள்ளவரை நேரத்தோடு படுக்க விடுங்கள், "இன்னைக்கு ஒரு நாள்தானே" என்று பிடித்து இழுக்காதீர்கள். மதுவும் வேண்டாம். அது மனச்சோர்வையும் கூட்டும், மாத்திரையோடும் மோதும்.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். அமைதியாக மூலையில் உட்கார்ந்திருப்பவரை "ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். தனியாக, மெதுவாக, "எப்படி இருக்க, நிஜமாச் சொல்லு" என்று கேளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்றும் நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் தேவையில்லை, கேட்டதே பலருக்கு ஆறுதல். ஆமாம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். உங்கள் பகுதியின் மனநல உதவி எண் போனில் இருக்கட்டும். ஊருக்குத் திரும்பியபின் மூன்றாம் நாளும் எட்டாம் நாளும் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பண்டிகையன்று அனுப்பும் வாழ்த்தைவிட அந்த இரண்டு அழைப்புகளும் எனக்கு முக்கியம்.

அந்த அம்மா மாத்திரைக்குத் திரும்பிவிட்டார், இரண்டு வாரமாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். அடுத்த பண்டிகைக்கான அப்பாயின்ட்மென்டை இப்போதே பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பண்டிகை முடிந்த நான்காம் நாளுக்கு. மகளிடம், "அம்மா சிரிச்சாலும் அழைச்சிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை "சரி" சொன்னது அவர்.