‘அது ஆந்திரா கேஸ்’ என்று சொல்லி அனுப்பியது யார்?

போன மாதம் ஒரு அம்மா என் ஆபீசுக்கு வந்தார். வேலூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய பரதராமிப் பக்கத்துக் கிராமம். மகன் மாங்காய் லோடு ஓட்டுகிறவன். செவ்வாய்க்கிழமை காலையில் மஃப்டியில் நாலு பேர் வந்து, “விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்” என்று ஜீப்பில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். அம்மா என்னிடம் வந்தது அடுத்த திங்கட்கிழமை. நடுவில் ஆறு நாள் என்னம்மா செய்தீர்கள் என்று கேட்டேன்.

“அது ஆந்திரா கேஸு, இங்க இருக்கிற வக்கீலு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொன்னாங்க சார்.”

சொன்னவர் ஊரில் ஒரு அரசியல் கட்சிக்காரர். ‘பேசி முடிக்க’ 10,000 ரூபாயும் வாங்கியிருக்கிறார். இந்த ஒரு வருடத்தில் இதே பேச்சை நான் கேட்பது நாலாவது தடவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பரதராமி தாண்டினால் பஸ் போர்டு தெலுங்காகும், அவ்வளவுதான். அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு குடியாத்தத்துக்கும் சித்தூருக்கும் ஒன்றே. ஏன் கைது என்று சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பயண நேரத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் இங்கிருந்து சித்தூர் ஒரு மணி நேரம். காசிக்கா கூட்டிப் போனார்கள்?

சரி, வழக்கு அங்கே. இங்கே என்ன செய்ய முடியும்? எஃப்ஐஆர் வேறு மாநிலத்தில் இருந்தாலும், கைதாகும் முன்பே இங்குள்ள செஷன்ஸ் கோர்ட்டிலோ சென்னை உயர் நீதிமன்றத்திலோ குறுகிய கால முன்ஜாமீன் கேட்கலாம். 2023 நவம்பரில் பிரியா இந்தோரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஒப்புக்கொண்டுவிட்டது. ஆளைத் தூக்கிவிட்டார்கள், எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை என்றால் ஆட்கொணர்வு மனு இருக்கிறது. தூக்கியது நம் ஊரில், அதனால் சென்னையிலேயே போடலாம். ஆனால் மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்துவிட்டால் அந்த மனுவில் பெரும்பாலும் உயிர் இருக்காது. அப்புறம் ஜாமீனுக்குத்தான் அலைய வேண்டும். ஆறு நாள் கழித்து வந்தால் நான் எதைப் போடுவது?

அந்தப் பையனின் கைது மெமோ தெலுங்கில் இருந்தது. கீழே அவன் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறான், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே. சாட்சி யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கைதான நாள் வியாழன் என்று இருந்தது. “செவ்வாய்தான்னு எப்படிம்மா சொல்றீங்க?” என்றேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதத்தை எடுத்தார். கேஸ் சிலிண்டர் ரசீது. சிலிண்டர்காரர் இறக்கி வைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜீப் வந்து நின்றதாம். ரசீதில் செவ்வாய்க்கிழமைத் தேதி. சித்தூரில் நண்பர் போட்ட ஜாமீன் மனுவில் முதல் ஆவணம் அதுதான்.

கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தடுப்புக்காவல் வழக்கு ஒன்றில் மொழி பற்றி 1962-லேயே சொல்லியிருக்கிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவனிடம் தெலுங்குத் தாளை நீட்டினால் காரணம் சொன்னதாக ஆகாது. தமிழில் கேளுங்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள்.

எல்லைக்காரர்களின் பயம் எனக்குத் தெரியாததல்ல. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திரத் தனிப்படையின் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் வாக்குமூலம் கொடுத்தார்கள், அவர்களுக்குப் பின்னால் மனித உரிமைக்காரர்கள் நின்றார்கள். அப்படி நிற்க நாலு பேர் ஊருக்கு ஊர் வேண்டும். எங்கள் பக்கம் ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார், பீடி சுற்றும் ஒரு அக்கா, டீக்கடைக்காரர், இரண்டு ஜூனியர் வக்கீல்கள் இருக்கிறார்கள். சங்கமும் இல்லை, லெட்டர்பேடும் இல்லை. போன் வந்தால் ஒருவர் உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போய் ‘ஆளைக் காணோம், இத்தனை மணிக்கு இந்த வண்டியில் ஏற்றினார்கள்’ என்று புகார் எழுதிக் கொடுத்து, புகார் வந்ததற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுவார்.

என் சீனியர் முதலில் கேட்பது, “தந்தி அடிச்சாச்சா?” தந்தியில் நேரம் பதிவாகும், பிறகு யாரும் மாற்ற முடியாது. 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. இப்போது எஸ்.பி.க்கும் ஆணையத்துக்கும் ஈமெயில், கூடவே ஸ்பீட் போஸ்ட்.

வந்தவர்களின் சட்டையில் பெயர் தெரிகிறதா பாருங்கள், சட்டப்படி தெரிய வேண்டும். வண்டி நம்பரைச் சுவரில் கரியாலாவது எழுதுங்கள். எந்த ஸ்டேஷன் என்று கேளுங்கள். மறிக்காதீர்கள், ஓடாதீர்கள். மெமோவில் வீட்டு ஆளே சாட்சிக் கையெழுத்துப் போடலாம், கேளுங்கள். அடித்திருந்தால் மாஜிஸ்திரேட் முன்னால் வாயைத் திறந்து சொல்லுங்கள். அங்கே தலையாட்டிவிட்டு ஜெயிலில் வந்து என்னிடம் அழுது பிரயோஜனமில்லை. காசில்லை என்று தயங்காதீர்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அரசே ஒரு வக்கீலை வைத்துத் தர வேண்டும். இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள், இல்லையென்றால் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள்.

கட்சிக்காரரிடம் அப்புறம் போய்க்கொள்ளலாம். முதல் நாளே ஒரு வக்கீலிடம் வாருங்கள், என்னிடம்தான் என்றில்லை. ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன்.