பழைய டீசல் காரை ஆறிய நிலையில் பார்க்கப் போங்கள்

பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: நீங்கள் போய்ச் சேரும்வரை அந்த வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டிய முக்கியமான விஷயம் கைநழுவிப் போய்விட்டது. வேறொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடலாம்.

டீசல் எரியும் விதம்தான் இதற்குக் காரணம். பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி வைக்க ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசலில் அது கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சூடேறுவதைக் கவனித்திருப்பீர்கள். அதே சங்கதிதான் இங்கேயும். சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் பதினாறில் ஒரு பங்காக, சில என்ஜின்களில் இருபதில் ஒரு பங்காகவே சுருக்கிவிடுகிறது. அந்த நெருக்கத்தில் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 200 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தாலே போதும். அதனால் இன்ஜெக்டர் தூவியதும் குப்பென்று பற்றிக்கொள்கிறது. 1897-இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய என்ஜினிலிருந்து இந்த அடிப்படை மாறவே இல்லை.

பல வருடம் ஓடித் தேய்ந்த என்ஜினில், பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே காற்று கசியும். கசிந்தால் அழுத்தம் குறையும், கூடவே சூடும் குறையும். என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால் சுவரின் வெப்பம் இந்தக் குறையை மூடி மறைத்துவிடும். ஆறிய உலோகமோ, சுருக்கிய காற்றில் பிறந்த சூட்டிலும் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். தேய்ந்த என்ஜின் திணறுவது அப்போதுதான்.

சரி, சாவியைத் திருப்புங்கள். சுருள் கம்பி போன்ற சின்ன விளக்கு எரிந்து அணையும். சிலிண்டருக்குள் இருக்கும் ஹீட்டர் பிளக்குகள் சூடேறுகின்றன என்று அர்த்தம். அணைந்ததும் ஸ்டார்ட் செய்தால் இரண்டு மூன்று விநாடிக்குள் என்ஜின் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தபின் வண்டியே குலுங்கி, வெள்ளைப் புகை கக்கி, அரை நிமிடம் கழித்துத்தான் சீராகிறதா? ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் எரியாமலே வெளியே போயிருக்கிறது. ஹீட்டர் பிளக் போயிருந்தால் பெரும்பாலும் சின்னச் செலவுதான். கம்ப்ரஷனே, அதாவது காற்றைச் சுருக்கும் அழுத்தமே குறைந்திருந்தால் என்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. மெக்கானிக் கம்ப்ரஷன் அளந்து சொல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் புகையின் நிறம். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால், சிலிண்டரின் மேல்மூடியை அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் பழுதாகி கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். நீலம் கலந்த புகை, ஆயில் எரிவதற்கு அடையாளம். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. காற்று வடிகட்டி அடைப்பு, டர்போ குழாயில் விரிசல், அளவு தப்பி ஊற்றும் இன்ஜெக்டர் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு.

என்ஜின் ஐடிலில் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து, அதே துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். சில என்ஜின்களில் ஆயில் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மூடி லேசாக ஆடினால் கவலை இல்லை. புகை குபுகுபுவென்று வந்து மூடியைத் தள்ளிவிட்டால், ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கீழே இறங்குகிறது. கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகளில் இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று மட்டும் பயப்பட வேண்டாம். டீசல் என்ஜினில் புதிதாக ஊற்றிய ஆயிலும் புகைக்கரி கலந்து சீக்கிரமே கறுத்துவிடும். பால் கலந்ததுபோல் இருந்தால்தான் ஆபத்து, அதில் தண்ணீர் கலந்திருக்கிறது.

டர்போவுக்கு வருவோம். புகைபோக்கி வழியே வெளியேறும் வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை என்ஜினுக்குள் திணிக்கிறது. வேகம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல். தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. காலத்தில் ஆயில் மாற்றாத வண்டியில் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் இந்தத் தண்டுதான். என்ஜினை அணைத்துவிட்டு, காற்றுக் குழாயைக் கழற்றச் சொல்லி, தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கும். சக்கரம் உறையில் உரசினாலோ, முன்னும் பின்னும் அசைந்தாலோ அது தேய்ந்துவிட்டது. இதை அலட்சியம் செய்யக் கூடாது. டர்போ வழியாக என்ஜின் ஆயில் காற்றுப் பாதைக்குள் கசிந்தால், என்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. தீப்பொறியே தேவைப்படாத இயந்திரத்தில் அணைப்பதற்கு என்ன இருக்கிறது?

அடுத்து டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி. பல டீசல் கார்களில் இது உண்டு. புகையிலுள்ள கரியைப் பிடித்து வைத்து, அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துவிடும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். தினமும் இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தப்பட்ட காரில் இந்த எரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். சூடேற்றக் கூடுதலாகத் தெளித்த டீசலில் ஒரு பகுதி ஆயிலில் கலந்து, ஆயில் அளவு ஏறிவிடும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றால் காரணம் கேளுங்கள். புகைக்குழாயின் உள்ளே விரல் விட்டுத் தேய்த்தும் பாருங்கள். டி.பி.எஃப். இருக்க வேண்டிய காரில் விரல் கன்னங்கரேலென்று ஆனால், அது உடைந்திருக்கலாம், அல்லது யாரோ கழற்றி எறிந்திருக்கலாம். இதனால்தான் குறைந்த கிலோமீட்டர் ஓடிய டீசல் கார் என்றதும் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடி, ஒழுங்காக ஆயில் மாற்றிய ரசீதுகளுடன் வரும் காரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

வால்வுகளைப் பிஸ்டன்களோடு நேரம் தப்பாமல் இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால் அதை மாற்றியதற்கும் ரசீது வேண்டும். அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்து என்ஜினை அணையுங்கள். அணையும்போது அடியிலிருந்து கடகடவென்று சத்தம் கேட்டால், என்ஜினின் அதிர்வைத் தணிக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்ற சக்கரத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் காத்திருந்து, சூடாக இருக்கும்போதே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் என்ஜினில் பம்ப் இருநூறு பார் அளவுக்காவது அழுத்தத்தை ஏற்றினால்தான் இன்ஜெக்டர்கள் வேலையைத் தொடங்கும். சூடான டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த பம்பிலும் இன்ஜெக்டரிலும் எளிதாகக் கசியும். ஆகவே காலையில் டக்கென்று பிடித்த என்ஜின் இப்போது நெடுநேரம் இழுத்தடித்தால், கோளாறு பெரும்பாலும் கம்ப்ரஷனில் இல்லை. டீசல் வரும் பாதையைத்தான் மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்ல வேண்டும்.