பாக்டீரியாவுக்குள் தூங்கும் வைரஸை மருந்தே எழுப்பிவிட்டால்?

2011 மே மாதம் வட ஜெர்மனியில் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு திடீரென்று பரவியது. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழியைப் போட்டார்கள். கடைசியில் பார்த்தால், எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தயத்தை முளைகட்டிச் சாலட்டில் போட்டிருக்கிறார்கள், அதில்தான் கிருமி வந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஜெர்மனியில் மட்டும் 3,816 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதில் 845 பேருக்குப் பாதிப்பு சிறுநீரகம் வரை போய்விட்டது, 54 பேர் இறந்தார்கள்.

கிருமி யார் என்றால், ஈ.கோலை. நம் குடலிலேயே கோடிக்கணக்கில் சாதுவாகக் கிடக்கும் அதே இனம்தான். ஆனால் இந்த ஓ104:எச்4 வகையிடம் ஷிகா நஞ்சு இருந்தது, அந்த நஞ்சுக்கான மரபணு முறையாகப் பார்த்தால் பாக்டீரியாவின் சொத்தே இல்லை. பாக்டீரியாக்களைத் தாக்கும் ஃபேஜ் என்ற வைரஸ் உள்ளே கொண்டுவந்து வைத்தது.

இது ஏதோ விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். தொண்டை அடைப்பான் கிருமியின் சாது வகை ஒன்று, ஃபேஜ் தொற்றிய பிறகு நஞ்சு சுரக்கத் தொடங்கியதை ஃப்ரீமன் என்ற ஆய்வாளர் 1951லேயே காட்டிவிட்டார். காலரா நஞ்சும் ஃபேஜ் கொடுத்ததுதான் என்பது 1996ல் தெரிந்தது.

சரி, ஷிகா நஞ்சுக்கு வருவோம். ஃபேஜ் எப்போதும் உடனே கொல்வதில்லை, தன் டிஎன்ஏவைப் பாக்டீரியாவின் டிஎன்ஏவோடு சேர்த்துவிட்டுத் தூங்கவும் செய்யும். அப்படித் தூங்கும்போது ஒரு புரதம் அதன் மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும். நஞ்சு மரபணு இருக்கும் இடம்தான் வேடிக்கை: வைரஸ் விழித்துக்கொண்டு பெருகும்போது இயங்கும் பகுதியில் அது உட்கார்ந்திருக்கிறது. பாக்டீரியாவின் டிஎன்ஏ சேதமானால் ரெக்ஏ என்ற புரதம் கிளம்பும், அடக்கி வைத்திருந்த புரதம் வெட்டுப்படும், வைரஸ் எழுந்துவிடும், தன் டிஎன்ஏவைப் பிரதி எடுத்துத் தள்ளும். கூடவே நஞ்சு மரபணுவும் பெருகும், நஞ்சும் குவியும். கடைசியில் செல் வெடித்தால் புதிய வைரஸ்களும் நஞ்சும் ஒன்றாக வெளியே. ஆக, நஞ்சைத் தயாரித்த பாக்டீரியாவுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, அது செத்துப்போகிறது.

வெளியே வந்த நஞ்சு, ஜிபி3 என்ற கொழுப்பு மூலக்கூறு உள்ள செல்களாகப் பார்த்து ஒட்டும். நம் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் அது நிறைய உண்டு. உள்ளே போனதும், செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமிலிருந்து அடினைன் என்ற ஒரே ஒரு சின்னத் துண்டைக் கழற்றிவிடும், அவ்வளவுதான், புரதத் தயாரிப்பு நின்றுவிடும். மாடுகளின் இரத்தக் குழாய்களில் ஜிபி3 இல்லை. அதனால்தான் இதே நஞ்சைச் சுரக்கும் ஓ157:எச்7 என்ற இன்னொரு ஈ.கோலை வகையை வயிற்றில் சுமந்துகொண்டே அவை நன்றாக மேய்கின்றன.

இதில் மருத்துவர்களுக்குத்தான் தலைவலி. சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி மருந்து பாக்டீரியாவின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தித்தான் கொல்கிறது, அதாவது வைரஸை எழுப்பும் அதே சமிக்ஞையைக் கொடுக்கிறது. ஆய்வகச் சோதனைகளில் நஞ்சு கூடியும் இருக்கிறது. அதனால் இந்த நோயில் ஆன்டிபயாடிக் கொடுக்கத் தயங்கி, நீர்ச்சத்தைக் கவனிப்பார்கள், தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வார்கள். ஆனால் எல்லா ஆன்டிபயாடிக்கும் ஒன்றல்ல. அசித்ரோமைசின் டிஎன்ஏ பக்கமே போகாது, புரதத் தயாரிப்பைத்தான் தடுக்கும். 2011ல் அது கொடுக்கப்பட்ட நோயாளிகளின் மலத்திலிருந்து கிருமி மற்றவர்களைவிடச் சீக்கிரமே மறைந்தது.