வாத்தியார் செய்வது தொழில்தான்

செப்டம்பர் 5 வந்தால் போதும், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி வரை எந்த ஒலிபெருக்கியைக் கேட்டாலும் ஒரே வரிதான்: 'ஆசிரியர் பணி அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணி.' மேடையில் எதுகைக்குக் கைதட்டல் கிடைக்கும், போகட்டும் என்று விட்டிருந்தேன். இப்போது மொழிபெயர்ப்பிலும் நுழைந்துவிட்டது. அண்மையில் ஒரு தனியார் பள்ளியின் நியமனக் கடிதத்தைப் பார்த்தேன். ஆங்கிலப் பக்கத்தில் 'டீச்சிங் ப்ரொஃபெஷன்' என்றிருந்த இடமெல்லாம் தமிழ்ப் பக்கத்தில் 'ஆசிரிய அறப்பணி'. அதுவும் சம்பளத்தைச் சொல்லும் பத்திக்கு நேர் மேலே!

சொல்லின் பிறப்பு சின்னக் கதை. ப்ரொஃபெஷன் லத்தீன் வழி வந்தது. ஊரறியச் சொல்லுதல் என்பது வேர்ப்பொருள். மடத்தில் சேர்பவர் எடுக்கும் உறுதிமொழிக்கு வழங்கிய சொல், பிறகு முறையாகப் படித்துத் தேர்ந்து செய்யும் வேலைக்கு ஆனது. ப்ரொஃபெசரும் அதே வேர்தான்.

மடத்து உறுதிமொழி என்கிறீர்களே, அப்படியானால் அறப்பணி சரிதானே என்பார்கள். வேர் எங்கே கிடந்தாலும் இன்று என்ன பொருளில் வழங்குகிறது என்றுதான் பார்க்க வேண்டும். டாக்டருக்கும் வக்கீலுக்கும் அதே ஆங்கிலச் சொல்தான். அங்கெல்லாம் மருத்துவத் தொழில், வக்கீல் தொழில் என்று கூசாமல் எழுதுகிறோம். வாத்தியாரிடம் வரும்போது மட்டும் மொழிபெயர்ப்பாளருக்குப் பக்தி வந்துவிடுகிறது.

'தொழில்' வியாபாரம் போல ஒலிக்கிறதாம். தொழிலதிபர், தொழிற்பேட்டை என்று கேட்டுக் கேட்டு வந்த கூச்சம் இது. குறள் 560இல் வரும் 'அறுதொழிலோர்' என்பதற்குப் உரைகாரர் பரிமேலழகர் எண்ணும் அந்தணர் தொழில் ஆறில் ஓதுவித்தலும் ஒன்று. யார் யாருக்கு ஓதுவித்தார்கள் என்பது வேறு சண்டை. கற்றுக்கொடுப்பதைத் தொழில் என்று சொல்ல அன்றைக்கு யாரும் கூசவில்லை. இன்றைக்கும் அரையாண்டுக்கு ஒருமுறை ஆசிரியர் சம்பளத்தில் தொழில் வரி பிடிக்கிறார்களே, அந்த ரசீதில் 'அறப்பணி வரி' என்று போட்டுப் பார்க்கட்டும்.

அறப்பணிக்காரர்களின் பெரிய ஆயுதம் அப்பர். நம் பண்ருட்டிப் பக்கத்துத் திருவாமூர்க்காரர் என்பதால் இங்கே கூடுதல் உரிமை வேறு. 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று தாளாளர் மைக்கில் உருகுவார். அதற்கு முந்தைய அடி என்ன? 'தன் கடன் அடியேனையும் தாங்குதல்.' தாங்க வேண்டியவன் கடமையை முதலில் சொல்லிவிட்டுத்தான் அப்பர் தன் கடமைக்கு வருகிறார். அந்த அடி எந்த ஆண்டு விழாவிலும் ஒலித்து நான் கேட்டதில்லை. அதோடு, அப்பர் பணிந்தது ஈசனுக்கு. பள்ளி நிர்வாகத்துக்கு அல்ல.

வெறும் சொல்தானே என்று விடமுடியாது. 1988இல் உச்ச நீதிமன்றம், தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் தொழிலாளர் ஆகமாட்டார் என்றது. கற்பிப்பது உன்னதமான பணி என்பது அந்தத் தீர்ப்பிலேயே வருகிறது. 2004இல், வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாகத் தரும் பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) சட்டத்துக்கும் ஆசிரியர் வெளியே என்றது அதே நீதிமன்றம். 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தும் என்றது நாடாளுமன்றம். தனியார் பள்ளிகள் அதையும் எதிர்த்து வழக்காடி, திருத்தம் செல்லும் என்று 2022இல்தான் முடிந்தது. இந்தப் பக்கம் தமிழ்நாடு அரசு 2012இல் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். ஓவியமும் தையலும் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். அறப்பணிக்கு அதுவே அதிகம் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஊர் வாயும் இப்படித்தான். ஒரு பக்கம் 'எழுத்தறிவித்தவன் இறைவன்', இன்னொரு பக்கம் 'வக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை'. இரண்டுக்கும் நடுவில் சம்பளம் வாங்கும் மனிதர் ஒருவர் இருப்பதாகவே தெரியாது. இப்போது அந்தப் பழமொழிக்கும் வெள்ளையடித்து, 'வாக்கு கற்றவனுக்கு' என்பதுதான் மூலம் என்று வாட்ஸப்பில் சுற்றவிடுகிறார்கள். பழமொழி ஏளனமாகத்தான் சொன்னது. அந்த ஏளனம் எதனால் வந்தது என்று கேட்பதை விட்டு, எழுத்தைத் திருத்தி என்ன பயன்?

'தொழில்' என்பதிலும் ஒரு சங்கடம் உண்டு, மறைக்கவில்லை. ஆலைக்கும் அதுவே, அலுவலுக்கும் அதுவே. இலங்கைத் தமிழர்கள் இதைப் பார்த்துத்தான் போலும், தொழில்வாண்மை என்று ஒரு சொல்லைப் புழங்குகிறார்கள். பயிற்சியும் தேர்ச்சியும் சேர்ந்த திறத்தைச் சொல்ல நல்ல சொல், இங்கேயும் எடுத்துக்கொள்ளலாம். வேலையைச் சொல்ல 'ஆசிரியத் தொழில்' போதும். 'ஆசிரியர் தொழில்' என்றாலும் பிழையில்லை. 'ஆசிரியப் பணி' என்று எழுதினால்கூடச் சண்டைக்கு வரமாட்டேன், பணி நியமனம், பணி ஓய்வு என்று பழகிவிட்டது. அறப்பணி என்பதை, ஞாயிற்றுக்கிழமை காசு வாங்காமல் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் அவராக விரும்பி எடுத்தால்.