பத்துக் குருவியா, ஒரே குருவி பத்து முறையா?

குளிர்காலத் தோட்டத்தில் பறவைகளை எண்ண உட்கார்ந்தால் முதல் கால் மணி நேரத்திலேயே இந்தக் குழப்பம் வந்துவிடும். ஐரோப்பியத் தோட்டங்களில் காணும் சின்னஞ்சிறு நீலப் பட்டாணிக்குருவி (blue tit), விதை நிரப்பித் தொங்கவிடும் தீனிக்கூண்டில் தங்கித் தின்பது குறைவு. ஒரு விதையைக் கவ்விக்கொண்டு புதருக்குப் பறக்கும். அங்கே கிளையில் காலால் அழுத்திப் பிடித்து, அலகால் உடைத்துத் தின்னும். பிறகு அடுத்த விதைக்கு வரும். இப்போது வந்தது அதேதானா, வேறொன்றா? கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை.

அதனால்தான் வருகைகளைக் கூட்டக் கூடாது என்பது முதல் விதி. 9.05-க்கு நான்கு, 9.20-க்கு ஏழு, 9.41-க்கு மூன்று தெரிந்தால் எழுத வேண்டியது 7, 14 அல்ல. ஒரே சமயத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண் அது. குறைந்தது ஏழு குருவிகளாவது இருக்கின்றன என்று மட்டும் அதை வைத்து உறுதியாகச் சொல்லலாம். காலில் வளையமிட்டுப் பார்த்த இடங்களில், ஒரே தோட்டத்துக்கு நாள் முழுதும் வந்துபோகும் குருவிகள் இதைவிடப் பல மடங்கு என்று தெரிந்திருக்கிறது.

குறைவென்று தெரிந்தும் அந்த எண் எதற்கு? ஐந்து நிமிடம் பிந்தி ஓடும் கடிகாரத்தை வைத்தும் பஸ் பிடிக்கலாம், அது எப்போதும் அதே ஐந்து நிமிடம் பிந்தினால். பிரிட்டனில் ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு 1979 முதல் நடத்திவரும் ஜனவரிக் கணக்கெடுப்பு, குறைவும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும், அதனால் ஆண்டுகளை ஒப்பிடலாம் என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது: ஒரு மணி நேரம், ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் அதிகபட்ச எண். அங்கே 2005 வாக்கில் பரவிய டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றால் கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சை நிறச் சிறு பறவையின் எண்ணிக்கை சரிந்தது இந்த எளிய எண்களிலேயே தெரிந்தது.

ஆகவே மாறாமல் வைக்க வேண்டியவை: அதே ஜன்னல், அதே பரப்பு, அதே நேரம். விடிந்த முதல் இரண்டு மணி நேரம் நல்லது. சுமார் 11 கிராம் எடையுள்ள பட்டாணிக்குருவி நீண்ட இரவைத் தன் கொழுப்பை எரித்தே கடக்கிறது. விடிந்ததும் அதற்குப் பசியைத் தவிர வேறு வேலை இல்லை. கூண்டை எண்ணிக்கைக்கு முந்தின நாள் தொங்கவிட்டுப் பயனில்லை. சில வாரம் முன்பே வைத்தால்தான் பறவைகள் பழகும். பைனாகுலர் 8 மடங்கு போதும். இரண்டு மூன்று மீட்டரில் ஃபோகஸ் ஆகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கூட்டமாக இறங்கினால் ஐந்தைந்தாகக் கட்டி எண்ணுங்கள், அல்லது போனில் ஒரு படம் எடுத்துவிட்டு நிதானமாக எண்ணுங்கள்.

வானிலையை நம் கையில் வைக்க முடியாது. தரை பனியால் மூடினால் பறவைகள் தோட்டத்துக்குள் வந்துவிடும். காட்டில் பீச் (beech) மரங்கள், அதாவது பறவைகள் தின்னும் கொட்டைகளைத் தரும் மரங்கள், அமோகமாகக் காய்த்த ஆண்டில் அங்கேயே தங்கிவிடும். தோட்டம் வெறிச்சோடும், பறவை ஒன்றும் குறைந்திருக்காது. ஒற்றை ஆண்டு எண்ணை வைத்து யாராவது கவலைப்பட்டால் நம்பாதீர்கள். திடீரென எல்லாம் மாயமானால் வல்லூறு எங்கோ உட்கார்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். புதரடியில் ஊர்ந்து திரியும் ரென் (wren) போன்ற குட்டிப் பறவைகள் எப்போதுமே குறைவாகத்தான் பதிவாகும்.

கூண்டைக் கழுவுவதை விட்டுவிட்டால் எண்ண வந்தவரே நோய் பரப்புகிறார். முன்னே சொன்ன டிரைக்கோமோனாஸ் தொற்று ஈரமான, எச்சில் பட்ட தீனியில் உயிரோடு இருக்கும், காய்ந்தால் சாகும். வாரம் ஒருமுறை கழுவி, முழுக்கக் காயவைத்து, ஓரிரு நாளில் தீரும் அளவே நிரப்புங்கள். உடலைச் சிலிர்த்து உப்பிக்கொண்டு, விழுங்கச் சிரமப்படும் பறவையைக் கண்டால் கூண்டையே சில வாரம் எடுத்துவிடுங்கள்.

ஒன்றுமே வராத மணி நேரமும் பதிவாக வேண்டும். பறவை வந்த நாளை மட்டும் கணக்கெடுப்புக்கு அனுப்பினால் சராசரி பொய்யாக ஏறும். அந்த நாளுக்கு நேரத்தையும் வானிலையையும் எழுதி, பக்கத்தில் 0 போடுங்கள்.