தொட்டால் தாய் சேர்க்காது என்று யார் சொன்னது?

ஒரு வீட்டில் மூன்று நாள் பால் ஊற்றி வளர்த்த ஆந்தைக் குஞ்சு ஒன்று போன வாரம் என் சிகிச்சை மேசையிலேயே செத்துப்போனது. இந்தக் கோடையில் இது எத்தனையாவது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

சூலூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மாவும் கல்லூரியில் படிக்கும் மகனும் செருப்புப் பெட்டியில் பஞ்சு போட்டுக் கொண்டுவந்தார்கள். புள்ளி ஆந்தைக் குஞ்சு. இறகு முளைத்து, பறக்கப் பழகும் வயது. பால் காய்ந்து மார்பு இறகெல்லாம் விறைத்துக் கிடந்தது. அலகைத் திறந்தால் நாக்கடியில் திரிந்த பால். மூச்சு விடும்போதெல்லாம் மூக்கில் குமிழி. இங்க் ஃபில்லரில் ஊற்றினார்களாம். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடியிலேயே இருக்கிறது; ஊற்றினால் நேரே நுரையீரலுக்குத்தான் போகும்.

"வாசல் வேப்பமரத்தடியில கெடந்துச்சுங்க டாக்டர். பையன் கையில எடுத்துட்டான். மனுசங் கை பட்டா தாய் சேத்திக்காதுன்னு சொன்னாங்க, அதான் உள்ளயே வெச்சுக்கிட்டமுங்க."

தாய்ப்பறவை வந்ததா என்று கேட்டேன்.

"ராத்திரியெல்லாம் ரெண்டு ஆந்தை மரத்துல கத்திக்கிட்டே இருந்துச்சுங்க. சகுனம் சரியில்லைன்னு கல்லெடுத்து வெரட்டி உட்டமுங்க."

அந்த இரண்டும் தங்கள் குஞ்சைத் தேடித்தான் கத்தியிருக்கின்றன.

தொட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். படித்தவர், படிக்காதவர், தோட்டத்துக்காரர், அடுக்குமாடிக்காரர் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். பறவை தன் குஞ்சை அறிவது கூடு இருக்கும் இடத்தையும் குஞ்சின் குரலையும் வைத்து. உங்கள் கைவாசம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பறவை ஆய்வாளர்கள் குஞ்சைக் கூட்டிலிருந்து எடுத்து, எடை பார்த்து, காலில் வளையம் மாட்டித் திரும்ப வைக்கிறார்கள். தாய் வந்து ஊட்டத்தான் செய்கிறது. அவ்வளவு ஏன், குயில் குஞ்சுக்கு ஓடி ஓடி இரை கொடுக்கிற காக்கையை நம் ஊரில் பார்க்காதவர் உண்டா? வேறு இனத்துக் குஞ்சையே வளர்த்துவிடுகிற பறவை, உங்கள் விரல் பட்டதற்காகத் தன் குஞ்சைத் தள்ளிவிடுமா? அணிலும் அப்படித்தான். கீழே விழுந்த குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மரமேறுகிற தாயணிலை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆகவே குஞ்சைப் பார்த்ததும் முதலில் அண்ணாந்து பாருங்கள். இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே வையுங்கள். கூடு கலைந்துவிட்டதா? சின்ன மூங்கில் கூடையில் காய்ந்த புல்லைப் போட்டு அதே மரத்தில் கட்டிவிடுங்கள். இறகு வந்து, வால் மட்டும் குட்டையாக இருந்தால் அது பறக்கப் பழகுகிறது; பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பூனையையும் நாயையும் கட்டிப் போடுங்கள். பால், பிரெட், சோறு எதுவும் வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். பூனை கவ்விய குஞ்சு மட்டும் வேறு விஷயம்: வெளியே காயம் தெரியாவிட்டாலும் காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து மூடி அன்றைக்கே கொண்டுவாருங்கள். பிழைத்த பிறகு "நாங்களே வளர்த்திக்கிறமுங்க" என்று கேட்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையையும் நம் ஊர்ப் பச்சைக்கிளியையும் வீட்டில் வைத்திருப்பது குற்றம். வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

இன்னொன்று. ஈரோட்டு வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022-இலும் திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியதில் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் என்னிடம் வரும் குஞ்சுகள் குளத்துப் பறவைகள் அல்ல. சைட்டுப் போடுவதற்காகப் பிடுங்கிய கிளுவை வேலியிலும், மண் தள்ளி மூடிய பழைய கிணற்றின் சுவர்ப் பொந்திலும், வெட்டிச் சாய்த்த மொட்டைத் தென்னையிலும் இருந்தவை. மைனா, கிளி, தவிட்டுக்குருவி, ஆந்தை. வேலியை எடுத்தே ஆக வேண்டுமென்றால் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குஞ்சுகள் பறந்த பிறகு எடுங்கள். ஆந்தைக் குஞ்சு பொந்தைவிட்டு வெளியேற ஏறக்குறைய ஒரு மாதம்தான் ஆகும். அந்த ஒரு மாதத்தைக் கொடுங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த அம்மா கிளம்பும்போது, மரத்தில் பொந்து இருப்பதால்தானே இத்தனையும், சிமெண்ட் பூசி அடைத்துவிடுகிறேன் என்றார். வேண்டாம் அம்மணி, அந்த ஜோடி அடுத்த வருசமும் அதே பொந்துக்கு வரலாம் என்றேன். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "செரிங்க டாக்டர், உட்டுறமுங்க" என்றார்.