துறுதுறுப்பை எதை வைத்து அளப்பது?

அக்கா மகன் மாதத்துக்கு ஆறேழு அழிப்பான் தொலைப்பான். தண்ணீர்ப் போத்தல் குறைந்தது இரண்டு போகும். ஒருநாள் ஒற்றைக் காலணியைத் தொலைத்துவிட்டு மற்றதை மட்டும் போட்டுக்கொண்டு வீடு வந்தான். மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வகுப்பாசிரியர் அக்காவைக் கூப்பிட்டு, “ஒரு தடவை டாக்டரிடம் காட்டிப் பாருங்களேன்” என்று சொன்ன அன்று வீட்டில் ஒரே ரகளை. அம்மாவுக்குத்தான் ரொம்பக் கோபம். “என் பேரனுக்கு என்ன பைத்தியமா? இவன் மாமனும் சின்னதுல இப்படித்தான் ஓடிக்கிட்டே இருந்தான். இப்போ நல்லாத்தானே இருக்கான்!”

அந்த மாமன் நான்தான். அம்மா சொன்னதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஏ.டி.எச்.டி. என்றால் கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த ஒரு வளர்ச்சிக் கோளாறு. உலகில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு இருப்பதாகக் கணக்கு. அக்கா என்னிடம் முதலில் கேட்டது, “ஸ்கேன் எடுப்பாங்களா, ரத்தம் எடுப்பாங்களா?” என்றுதான். இரண்டும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையும் கிடையாது, மூளை ஸ்கேனும் கிடையாது.

அதற்காக மூளையில் வித்தியாசமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் கோளாறு உள்ள 223 பிள்ளைகளின் மூளையையும் இல்லாத 223 பிள்ளைகளின் மூளையையும் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். மூளையின் மேலுறை வளர்ந்து வளர்ந்து ஒரு கட்டத்தில் உச்சத் தடிமனை எட்டும். மற்றப் பிள்ளைகளில் அது நடந்தது சுமார் ஏழரை வயதில். இவர்களில் சுமார் பத்தரை வயதில். மூன்று வருடம் பின்தங்கல். அதிலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியில்தான் தாமதம் அதிகம். ‘பொறு, இப்போது எழுந்திருக்காதே’ என்று நமக்குள்ளேயே அதட்டுகிற பகுதி அதுதான். ஆனால் இது கூட்டத்தின் சராசரி. இந்தியர்களைவிட டச்சுக்காரர்கள் சராசரியில் உயரம். அதற்காக ஒருவருடைய உயரத்தை மட்டும் பார்த்து அவர் எந்த நாட்டுக்காரர் என்று சொல்லிவிட முடியுமா? ஒற்றைப் பிள்ளையின் படத்தைப் பார்த்து இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாததும் அதனால்தான்.

சரி, கருவி இல்லாமல் எப்படி அளப்பது? பிள்ளையைச் சுற்றி இருக்கும் ஆட்களையே கருவியாக்கிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

உலகெங்கும் டாக்டர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநலக் கையேடு 2013இல் வந்தது. அதில் கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரப் புத்திக்கும் சேர்த்து ஒன்பது. பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு வரிசையில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். படிப்பையோ பழக்கவழக்கத்தையோ உண்மையிலேயே கெடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வீட்டில் மட்டும் ஆடுகிறான், பள்ளியில் பூனைபோல இருக்கிறான் என்றால், டாக்டர் பிள்ளையை விட்டுவிட்டு வீட்டைப் பற்றி விசாரிக்கத் தொடங்குவார்.

எங்களுக்குக் கொடுத்தது வாண்டர்பில்ட் படிவம். பெற்றோருக்கு 55 கேள்வி, ஆசிரியருக்கு 43. ஒவ்வொரு அறிகுறிக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை நான்கு கட்டம்: இல்லவே இல்லை, எப்போதாவது, அடிக்கடி, ரொம்ப அடிக்கடி. இரண்டும் மூன்றும்தான் கணக்கில் சேரும். முதல் ஒன்பது கேள்வி கவனம் பற்றியவை, அடுத்த ஒன்பது துறுதுறுப்பு பற்றியவை. பின்னால் வருபவை எதிர்த்துப் பேசுவது, பயம், மனச்சோர்வு என்று வேறு சரக்கைத் துழாவும். கடைசி எட்டு, இதனால் வாசிப்பு, எழுத்து, நட்பு எந்த அளவு பாதிக்கப்படுகிறது என்று கேட்கும். அறிகுறி எத்தனை இருந்தாலும் பாதிப்பு இல்லையென்றால் கணக்கு நேராகாது.

அக்கா சமையலறை மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். ‘பொருள்களைத் தொலைக்கிறானா?’ என்ற கேள்விக்குப் பேனா ‘எப்போதாவது’ கட்டத்துக்குப் போனது. “அக்கா, நேற்றுத்தானே அழிப்பான் வாங்கினே?” என்றேன். “அது சின்னப் பிள்ளைங்க எல்லாம் தொலைக்கிறதுதானே, தம்பி.” பேனா கொஞ்ச நேரம் கட்டத்தின்மேல் நின்றது. அப்புறம் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்தது.

எல்லாத் தராசுக்கும் ஒரு பிழை உண்டு; மனிதத் தராசுக்கும்தான். தாய் குறைத்துச் சொல்வாள். சோர்ந்துபோன தாய் கூட்டிச் சொல்வாள். ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகள். ஓடுகிறவன் அவர் கண்ணில் படுவான். கடைசி வரிசையில் ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளை படமாட்டாள். துறுதுறுப்பு இல்லாமல் கவனக்குறைவு மட்டும் உள்ள வகை ஒன்று இருக்கிறது. பெண்பிள்ளைகள் பலர் அதில் சேர்ந்து, வருடக்கணக்கில் ‘மந்தம்’ என்ற பெயரோடு நகர்ந்துபோகிறார்கள்.

இன்னொரு பிழை பிறந்த மாதத்தில் இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 விழுக்காடு அதிகமாக இந்தக் கோளாறு என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது. பெண்பிள்ளைகளில் 70 விழுக்காடு அதிகம். காரணம் எளிது. அங்கே பள்ளிச் சேர்க்கைக்கு டிசம்பர் 31தான் எல்லை. டிசம்பர்ப் பிள்ளை தன்னைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவர்களோடு உட்கார்ந்திருக்கிறான். ஏழு வயதில் ஒரு வருடம் என்பது வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கு. மலேசியாவிலும் நாம் பிறந்த ஆண்டை வைத்துத்தான் முதலாம் ஆண்டில் சேர்த்து வருகிறோம். எங்கள் பையன் நவம்பர். டாக்டர் பிறந்த தேதியைப் பார்த்ததும் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கென்று தனியாக ஒரு கேள்வியும் உண்டு. வீட்டில் தமிழ், கைப்பேசியில் ஆங்கிலம், பள்ளியில் மலாயும் சேர்ந்து மூன்று. எல்லாப் பாடத்திலும் மனம் ஓடுகிறதா, மலாய் வகுப்பில் மட்டும் ஓடுகிறதா? மலாயில் மட்டும் என்றால் கவனத்தில் குறையில்லை, மொழி புரியவில்லை. ஆசிரியரிடம் பாடவாரியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

பாதி வேலை வேறு எதுவோ இல்லை என்று உறுதி செய்வது. காதுக்குள் நீர் கட்டியிருந்தால் பிள்ளை கூப்பிட்டாலும் திரும்பாது. கண் தெரியாவிட்டால் வெள்ளைப் பலகையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும். டான்சில் வீங்கி ராத்திரியெல்லாம் குறட்டை விடும் பிள்ளை பகலில் தூங்கி வழியும் என்று நினைப்போம். சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலும் தலைகீழ், தூக்கம் கெட்டால் இன்னும் அதிகமாகக் குதிக்கும். பேச்சின் நடுவில் சில வினாடி வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் தொடர்ந்தால் அது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். எழுத்துக் குழப்பம், பயம், வீட்டுச் சண்டை, எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் கவனமின்மை மாதிரியே இருக்கும். இவற்றில் சில ஏ.டி.எச்.டி.யோடு சேர்ந்தும் வரும் என்பதுதான் தலைவலி.

“கேம் விளையாடச் சொன்னா மூணு மணி நேரம் அசையாம உட்கார்றான், இவனுக்கா கவனம் இல்லை?” இது எங்கள் மச்சானின் வாதம், எல்லா வீட்டிலும் ஒருவராவது சொல்வது. கவனம் கையிருப்பில் இல்லாமல் இல்லை. வேண்டிய இடத்துக்கு அதைத் திருப்பும் பிடிதான் தளர்ந்திருக்கிறது. கேமில் இரண்டு வினாடிக்கு ஒரு பரிசு விழுகிறது. வாய்ப்பாட்டில் பரிசு மாதக் கடைசியில். டோப்பமின் என்ற ரசாயனம் ‘இது செய்யத் தகுந்தது’ என்று மூளைக்குச் சொல்லும் வழி இவர்களில் வேறு மாதிரி இயங்குகிறது என்பதே ஆய்வாளர்களில் பலரின் கணிப்பு.

நாங்கள் போன வழியைச் சொல்கிறேன். முதலில் அரசாங்க கிளினிக், கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். அங்கே காது, கண், எடை பார்த்து ரெஃபரல் லெட்டர் கொடுத்தார்கள். பிறகு அரசாங்க மருத்துவமனையில் நிபுணர், அதற்குத்தான் காத்திருப்பு. காசு இருந்தால் தனியாரில் சீக்கிரம் முடியும், ஆனால் பில் நூற்றுக்கணக்கில் ஏறும். பின்னால் தேவைப்பட்டால் சமூக நலத்துறையில் ஓ.கே.யூ. எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், அங்கே இது கற்றல் குறைபாடு என்ற பிரிவில் வருகிறது. விருப்பமிருந்தால்தான், கட்டாயமில்லை.

தேதி வந்த அன்று ஃபெர்ரியில் பினாங்குத் தீவுக்குப் போனோம். இந்தப் பக்கக் கம்பியிலிருந்து அந்தப் பக்கக் கம்பிக்கு எத்தனை தடவை ஓடினான் என்று நான் எண்ணினேன். பதினாலுக்கு மேல் விட்டுவிட்டேன். டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் ஆள் மாறிப்போனான். கைகட்டி உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொன்னான். அக்காவுக்கு முகமே செத்துவிட்டது, நாங்கள் பொய் சொன்னதுபோல. டாக்டர் சிரித்தார். புது இடம், புது ஆள், தன்னை மட்டுமே பார்த்துப் பேசும் ஒரு பெரியவர். இருபது நிமிடம் அடங்கி இருக்க இவர்களாலும் முடியும் என்றார். அந்த இருபது நிமிடத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படிவங்கள், மூன்று வருட மதிப்பறிக்கைகள், பாதியில் நின்றுபோன நோட்டுப்புத்தகங்கள் இவற்றைத்தான் மேசையில் பரப்பினார். கணினியில் எழுத்துகள் ஓட ஓட, ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் பட்டனை அழுத்தும் சோதனையும் உண்டு. அது துணைக்குத்தான், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

மூன்றாவது சந்திப்பில் முடிவு சொன்னார்: இரண்டும் கலந்த வகை. நவம்பரைக் கழித்துப் பார்த்த பிறகும். பெற்றோருக்கான பயிற்சி, வகுப்பில் முன் வரிசை, வேலையைத் துண்டு துண்டாகக் கொடுப்பது. மருந்து பற்றி அடுத்த முறை பேசலாம் என்றார்.

கிளம்பும்போது, “குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி?” என்று கேட்டார். உயரம் போலவே இதுவும் வம்சத்தில் இறங்குவது. இரட்டையர் ஆய்வுகளின்படி மரபின் பங்கு எழுபது விழுக்காட்டுக்கும் மேல். அக்கா என்னைப் பார்த்தார். அம்மா கோபத்தில் சொன்ன வாக்கியத்தை நானே எடுத்துச் சொன்னேன், டாக்டர் எழுதிக்கொண்டார். பெரியவர்களுக்குப் பார்ப்பதென்றாலும் 12 வயதுக்கு முந்தைய சாட்சி வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என் பழைய ரிப்போர்ட் புக் இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் அலமாரி மேலிருந்த மைலோ டின்னை இறக்கினார். மூன்றாம் ஆண்டு, ஆசிரியர் குறிப்பு, நீல மையில்: ‘கெட்டிக்காரன். இடத்தில் உட்காரச் சொல்லவும்.’